படித்தேன், புரிந்தேன், இணங்கினேன்

தேர்வு வாரியத்தில் கடவுச்சொல் மாற்றும் நாள் என்றால் லேசுப்பட்ட நாள் இல்லை. காலை பத்து மணிக்கு மணி அடிப்பார்கள். அவரவர் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவில் வரிசை கட்டி நிற்க வேண்டும். கம்பியில்லா இணைப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெட்டியின் சாவியோடு ஒருவர் வருவார். அவருக்கும் பின்னால், சாவி வைத்திருப்பவரைக் கண்காணிக்க இன்னொருவர். பெட்டிக்குள் அரக்கு வைத்து ஒட்டிய உறைகள் இருக்கும். உறையை வாங்குவதற்கு முன்னால் நாற்பது பக்க விதிப்புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தியிருக்கும்: 'படித்தேன், புரிந்தேன், இணங்கினேன்.' புத்தகத்தைக் கையில் தர மாட்டார்கள். அது ரகசியம். கடைசிப் பக்கத்தை மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்பார்கள்.

இத்தனை அமர்க்களமும் எதற்கு என்று கேட்டால், கட்டடத்திலுள்ள கணினிகள் காற்று வழியாக வலையில் சேர்வதற்கு ஒரு சொல் வேண்டும், அதற்குத்தான்.

போன வருஷம், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இப்படி ஒரு நாள் வந்தது. புள்ளிக்காரரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு, உறையை வாங்கிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினார். பார்வையில்லாத பிள்ளைகளுக்கான கேள்வித்தாளைத் தடித்த தாளில் பிரெயில் புள்ளிகளாகக் குத்தித் தரும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அதை ஓட்டுவதால் எல்லாருக்கும் அவர் புள்ளிக்காரர்தான். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைப் பார்க்கும்போது யாரோ ஒருவருடைய சீட்டு மாறி வந்துவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வரும்.

உறையைக் கிழித்தார். இருபத்து மூன்று எழுத்து இருந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம், ஆச்சரியக்குறி, கடைசியில் கொக்கி மாதிரி வளைந்த ஏதோ ஒன்று. ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். பதின்மூன்று எழுத்து ஆனதும் பெட்டி நிரம்பிவிட்டது. பதினாலாவதை அழுத்தினால் 'டுங்' என்றது. திரும்ப அழுத்தினார். திரும்ப 'டுங்'.

அந்தக் கணினியின் பிறவிக் குணம் அது. பதின்மூன்று எழுத்தென்றால் பதின்மூன்றுதான், ஒன்று கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அது செய்யப்பட்ட காலத்தில் உலகமே அப்படித்தான் இருந்தது, போன தடவை வரை வாரியத்தின் சொல்லும் பதின்மூன்று எழுத்துதான். வேறு கணினி வாங்கலாமே என்றால், புதுக் கணினிகளுக்கு அந்த அச்சு இயந்திரத்தோடு பேசத் தெரியாது. இயந்திரத்தைச் செய்த கம்பெனியை மூடியே பத்து வருஷம் ஆகிறது. கேள்வித்தாளைக் கையால் அடித்துவிடலாமா என்றால், அதுவும் குற்றம். கேள்வி வெளியே கசியாமல் இருக்க, வலை வழியாக மட்டுமே இயந்திரத்துக்கு வர வேண்டும் என்பது வாரியத்தின் சட்டம்.

புள்ளிக்காரர் குறைதீர் ஜன்னலுக்குப் போனார்.

"என் கம்ப்யூட்டர் புதுச் சொல்லை ஏத்துக்க மாட்டேங்குதுங்க."

ஜன்னலில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வலைவாசல்ல புகார் போடுங்க."

"வலைவாசலுக்குப் போக இணைப்பு வேணுமே?"

"இணைப்பு வேணும்னா புகார் போடுங்க."

அந்தப் பெண் சொன்னதில் அவளுக்கு ஒரு குறையும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. புள்ளிக்காரர் மதிப்பெண் பிரிவுக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி, அங்கிருந்த ஒரு கணினியில் புகாரைப் பதிந்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தாங்கள் புகார் அனுப்பிய கணினி சோதிக்கப்பட்டது. இணைப்பு மிக நன்றாக உள்ளது. பொய்ப் புகார் கொடுத்ததற்காக எச்சரிக்கப்படுகிறீர்கள்.'

அவர் விடவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஜன்னலில் போய் நின்றார். தொந்தரவு தாங்காமல் ஒரு நாள் மூன்று பேர் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில் அளவுமானி இருந்தது. அறையின் நாலு மூலையிலும் அதைப் பிடித்துப் பார்த்து, "காத்துல நல்லா வருதே" என்றார்.

"காத்துல வருதுங்க. கணினிக்குள்ள போக மாட்டேங்குது."

இன்னொருவர் பட்டியலைப் புரட்டினார். "இந்தக் கணினி நம்ம லிஸ்ட்லயே இல்லையே."

"எப்படிங்க இல்லாம போகும்? பதினெட்டு வருஷமா இங்கதானே இருக்கு."

"வலையில சேர்ந்திருக்கிற மெஷின்தான் லிஸ்ட்ல இருக்கும். இது சேரலை. அதனால இல்லை."

"சேரலைன்னுதானே கூப்பிட்டேன்?"

"இல்லாத மெஷினுக்கு எப்படிங்க குறை இருக்கும்?" என்று அவர் அனுசரணையாகவே கேட்டார். போகும்போது கணினியின் நெற்றியில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'இல்லாத கருவி' என்று அதில் அச்சடித்திருந்தது. கட்டுக் கட்டாக அடித்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

கடைசியில் புள்ளிக்காரர் மாடிக்கு ஏறி, பிரிவின் இயக்குநரையே பார்த்தார். இயக்குநருக்கு ஓய்வுபெற ஒன்றேகால் வருஷம் இருந்தது. மேஜைமேல் மூன்று கணினிகள். ஒன்றுக்கும் கடவுச்சொல் அவர் அடித்ததில்லை, ஆள் வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

"என்னய்யா, தினமும் எங்க ஜன்னலைப் போய் மறிச்சிக்கிட்டு நிக்கிறியாமே?"

"சார், பெரிய வேலை ஒண்ணும் இல்ல. என் ரூம் சுவத்துல பழைய கேபிள் சாக்கெட் இருக்கு. ஒரு கேபிள் குடுத்தா நானே மாட்டிக்கிறேன். சொல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இயக்குநர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"கம்பியா? வெளியில போர்டு பார்த்தியா? என்ன எழுதியிருக்கு? கம்பியில்லாப் பிரிவு. நான் கம்பி குடுத்தா என் பிரிவுக்கு என்னய்யா மரியாதை? கம்பிப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல இருந்தது ஒரே ஆள். அவர் ரிட்டையர் ஆனதும் மூடியாச்சு."

"அப்ப பழைய கணினிகளுக்குன்னு பதின்மூணு எழுத்துல இன்னொரு சொல் வச்சிடுங்க சார்."

"ஒரு வாரியம், ஒரு சொல்! நான் வந்ததும் முதல் நாளே சொன்ன கொள்கை அது. எல்லா மெஷினும் ஏத்துக்கற மாதிரி ஒரே பொதுச்சொல் கண்டுபிடிக்கப் போறோம். அதுவரைக்கும் ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

மற்ற இயந்திரங்கள் எப்படி அனுசரித்தன என்று கட்டடத்துக்கே தெரியும். வாரியத் தலைவி அம்மாளின் வெள்ளை மடிக்கணினி, சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் மேற்கோள்குறி போட்டால்தான் திறக்கும். அந்த அம்மாள் ஒரு தடவை பின்குறியை மறந்துவிட்டு அரை நாள் வெளியே நின்றிருக்கிறார். மதிப்பெண் பிரிவில் நிலைமை இன்னும் மோசம். அங்குள்ள கணினிகள் சொல்லைச் சொல்லாக ஏற்காது. அதையே எண்களாக மாற்றி, அறுபத்து நாலு இலக்கம் அடிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு குமாஸ்தாதான். அதனால் அவருக்கு இரண்டு வருஷமாக லீவு கிடையாது. தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வீடியோவில்தான் தலையைக் காட்டினார். தூக்கத்தில் அறுபத்து நாலு இலக்கத்தையும் உளறுகிறார் என்று அவர் மனைவி வந்து அழுதுவிட்டுப் போனது தனிக் கதை.

"சார், பதினோரு பிள்ளைங்க பரீட்சை எழுதணும்" என்றார் புள்ளிக்காரர்.

"விதிப்புத்தகம், முப்பத்தோராம் பக்கம். புதுச் சொல்லை ஏற்காத கருவிக்குப் பிரிவு பொறுப்பில்லை. நீதான் கையெழுத்துப் போட்டிருக்கியே."

"படிக்கவே குடுக்கலையே சார்."

"படிக்காம கையெழுத்துப் போட்டது யாரு தப்பு? கையெழுத்துன்னா கையெழுத்துதான்யா. போ, போய் வேலையைப் பாரு."

பார்க்க வேலை எங்கே இருந்தது? அந்த வருஷம் புள்ளித் தாள் அடிக்கவே இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு 'வாசிப்பவர்' போட்டார்கள். கேள்வியை ஒருவர் வாசிப்பார், பிள்ளை பதில் சொல்லும், அவரே எழுதிக்கொள்வார். வாசிப்பவர்களைத் தேர்ந்தெடுத்ததும் அதே பிரிவுதான். கையில் கணினி இல்லாத ஊழியர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள், அவர்கள் மூலமாகக் கேள்வி கசியாதாம்.

வாரியத்தின் கேன்டீனை நடத்துகிற அக்காவுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. அந்தக் குறைக்கும் சேர்த்து வாய் இருந்ததால் வாயாடி என்றே பெயர். பள்ளி விட்டதும் கேன்டீனுக்கு வந்துவிடுவாள். புள்ளிக்காரர் தப்பாகக் குத்திக் கழித்துப் போட்ட தாள்களையெல்லாம் வாங்கித் தடவித் தடவிப் படித்து, "மாமா, மூணாவது வரியில ஒரு புள்ளி தூங்குது" என்பாள். கணக்கில் புலி. கல்லூரியில் கணக்குப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுக்கு வாசிப்பவராக வந்தவர் ஸ்டோர்காரர். தங்கமான மனிதர். பேனாவும் பசை டப்பாவும் எண்ணிக் கொடுக்கிறவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கணக்குத் தாளை அவர் அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததில்லை.

"பாப்பா, இங்க கொக்கி மாதிரி ஒண்ணு போட்டு, அதுக்குள்ள என்னமோ எழுதியிருக்கு. இதை விட்டுடலாமா?"

"அது வர்க்கமூலம் மாமா. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"உள்ள இன்னொரு கொக்கி இருக்கே."

இப்படி ஏழு கேள்வியை அவர் விட்டுவிட்டார். வாயாடி நாலு மதிப்பெண்ணில் தோற்றாள். வாரியத்தின் விதிப்படி ஒருவர் இரண்டு தடவைதான் எழுதலாம். ஒன்று போய்விட்டது.

முடிவு வந்த அன்று கேன்டீனில் அடுப்பு எரியவில்லை. வாயாடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே," என்றாள் அக்கா, "தெரியாம தோத்திருந்தா மனசு ஆறிடும். கேள்வியையே காட்டாம தோக்கடிச்சிட்டானுங்களே. அடுத்த தடவையும் இப்படியே ஆனா அவ்வளவுதாண்ணே. என்னை மாதிரி பாத்திரந்தான் கழுவணும் அவ."

புள்ளிக்காரர் சாதுவான ஆள். ஆயுசில் ஒருவரையும் அடா புடா என்று பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு மனசுக்குள் நன்றாகக் கறுவிக்கொண்டார். அழ வைத்தவனை அழ வைக்காமல் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று, அடித்தளத்தில் அந்த இல்லாத கருவியின் முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னார்.

ஆறு மாதம் கழித்து 'அனைத்துக் கருவி இணக்கப் பொதுச்சொல் ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. குழுவின் நடவடிக்கைகளைக் குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். யாருடைய கணினியில் தட்டச்சு செய்தாலும் வலையில் கசிந்துவிடும் என்று இயக்குநருக்குப் பயம். வலையில் சேராத கணினி கட்டடத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ஆக, குறிப்பெடுக்கிற வேலை புள்ளிக்காரர் தலையில் விழுந்தது. அவர் உடனே ஏற்றுக்கொண்டார்.

முதல் மூன்று கூட்டங்களில் குழுவின் பெயர்ப்பலகை எந்த நிறம் என்று பேசினார்கள். நாலாவது கூட்டத்தில் ஒரு பொதுச்சொல்லை முன்மொழிந்தார்கள். அதை மதிப்பெண் பிரிவு ஏற்றது, தலைவியின் மடிக்கணினி ஏற்கவில்லை. ஐந்தாவதில் தலைவியின் மடிக்கணினி ஏற்றது, வேறெதுவும் ஏற்கவில்லை. உடனே அதை முழு வெற்றி என்று பதிவு செய்தார்கள். ஆறாவது கூட்டத்தில் ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கி, பார்வையில்லாத பிள்ளைகளின் தாள் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டார். இயக்குநர் எழுந்து நின்றார். புள்ளிக்காரர் பேனாவை இறுக்கிப் பிடித்தார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

"பதினோரு பேருக்காக ஒரு வாரியமே கம்பிக்குத் திரும்பிப் போகணுமா? நான் கேக்கறேன், சாதாரண கேள்வித்தாள்லயே எழுத்தைக் கொஞ்சம் தடிமனா அடிச்சுக் குடுத்தா தடவிப் பார்க்க முடியாதா? முயற்சியே பண்ணாம முடியாதுங்கறாங்க. சரி, வாசிச்சுக் காட்ட ஆள் போட்டோமே, அதுல என்ன குறைச்சல்? காது இருக்கில்ல? வேணும்னா நாளைக்கே என் ரூம் இணைப்பை எல்லாம் புடுங்கிடுங்க. போன வருஷம் அந்தப் பொண்ணுக்கு வாசிச்ச அதே ஆளை எனக்குக் குடுங்க. ஒரு மாசம் நான் ஒரு கடுதாசியும் கண்ணால பார்க்காம, அவன் வாசிக்கறதை மட்டும் கேட்டு ஆபீஸ் நடத்திக் காட்டறேன்! இன்னொண்ணும் சொல்றேன். இந்த வருஷம் தேர்வுக்குப் பத்து நாள் முன்னாடி பொதுச்சொல் வரலைன்னா, நானே தோள்ல கேபிளைத் தூக்கிட்டு அடித்தளத்துக்கு வந்து மாட்டறேன். போதுமா?"

எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இயக்குநர் புள்ளிக்காரரின் தோளில் தட்டி, "எல்லாம் எழுதிட்டியா?" என்றார்.

"ஒரு எழுத்து விடலை சார்."

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. பொதுச்சொல் வரவில்லை, வருகிற அறிகுறியும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விருது வந்தது. 'தடையற்ற அலுவலகம்' என்று மேலிடத்திலிருந்து தரப்போகிறார்களாம். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கு ஓய்வு. விருது கைக்கு வந்தால் இன்னும் இரண்டு வருஷம் பதவி நீட்டிப்புக் கிடைக்கும் என்று உள்ளே இருந்து சேதி வந்திருந்தது. விருதுக்கு ஒரு நிபந்தனை: பிரிவின் சாதனை அறிக்கையைப் புள்ளி எழுத்தில் அச்சடித்து, இயக்குநர் கையொப்பமிட்டு, மேடையில் பார்வையில்லாத ஒருவரைக் கொண்டு வாசிக்க வைக்க வேண்டும்.

"உன் மெஷின்ல இதை அடிக்க இணைப்பு வேணுமா?" என்று புள்ளிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார் இயக்குநர்.

"வேண்டாம் சார். கேள்வித்தாளுக்குத்தான் வேணும். இது நானே கையால அடிச்சிடுவேன்."

"பிரமாதம். இந்தா, எல்லாம் எழுதி வச்சிருக்கேன்." இரண்டு பக்கத்தை நீட்டினார். அயராத உழைப்பு, தொலைநோக்கு, தன்னலமற்ற என்று போய்க்கொண்டே இருந்தது. "வாசிக்க ஒரு பொண்ணு வேணுமே. கொஞ்சம் பாவமா இருக்கணும்."

"கேன்டீன் அக்கா மக இருக்கு சார்."

புள்ளிக்காரர் கீழே இறங்கினார். அந்த இரண்டு பக்கத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். மேஜை ஆடாமல் நின்றது. பிறகு ஆறாவது கூட்டத்தின் குறிப்பை எடுத்து, இயக்குநர் பேசியதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை புள்ளியில் குத்தினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அத்தனை சுத்தமாக அவர் எதையும் அடித்ததில்லை.

பிழை பார்க்க வாயாடியிடம் கொடுத்தார். அவள் விரல் பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஓடியது.

"மாமா, இதையா மைக்குல வாசிக்கப் போறேன்?"

"ஆமாம்மா. நடுவுல யாராவது நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினா?"

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே மாமா. யாரு கைகாட்டறாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் வாயாடி. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை, விழா ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, புள்ளிக்காரர் தாளை இயக்குநரிடம் கொண்டுபோனார். தாளின் அடியில் பிரிவின் ஊதா முத்திரையை அவரே கேட்டு வாங்கிக் குத்தியிருந்தார்.

"சார், ஒரு தடவை வாசிச்சுக் காட்டட்டுமா?"

"நேரமில்லைய்யா." இயக்குநர் தாளைத் தடவிப் பார்த்தார். "நல்லா மேடு மேடா வந்திருக்கு."

"ரெண்டு நிமிஷந்தான் ஆகும் சார்."

"நான் சொன்னதுதானே இருக்கு?"

"நீங்க சொன்னது மட்டுந்தான் சார் இருக்கு."

"அப்புறம் என்ன? பேனாவைக் குடு." 'படித்தேன், புரிந்தேன், இணங்கினேன்' என்பதன் கீழே சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் தலைவி அம்மாள், மேலிடத்திலிருந்து வந்த மூன்று பேர், நடுவில் புதுக் கோட்டோடு இயக்குநர். கீழே படக்காரர்கள். கட்டடத்து ஊழியர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், அறுபத்து நாலு இலக்கக் குமாஸ்தா உட்பட. வாயாடியை அம்மா கைபிடித்து மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இயக்குநர் கையொப்பமிட்ட அறிக்கை" என்று ஆரம்பித்தாள் வாயாடி. குரல் கணீரென்று இருந்தது. "பதினோரு பேருக்காக ஒரு வாரியமே கம்பிக்குத் திரும்பிப் போகணுமா?"

இயக்குநர் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. அதை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முகத்துக்கே தெரியவில்லை. "எழுத்தைக் கொஞ்சம் தடிமனா அடிச்சுக் குடுத்தா தடவிப் பார்க்க முடியாதா?" என்று வந்தபோது அரங்கத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். இயக்குநர் கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். கடைசியில் எழுந்தே நின்று ஆட்டினார். வாயாடி அவர் இருந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, விரலை மட்டும் நகர்த்தி, நிதானமாக வாசித்து முடித்தாள். தோளில் கேபிள் தூக்குவதையும், 'போதுமா?' என்பதையும்கூட விடவில்லை. கடைசியில், "படித்தேன், புரிந்தேன், இணங்கினேன்" என்று முத்திரையையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். கேன்டீனில் கேட்டுக் கேட்டு அது அவளுக்கு மனப்பாடம்.

தலைவி அம்மாள் தாளை வாங்கி, அடியில் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா. ஆனா இது வந்து... நான் எழுதிக் குடுத்தது இது இல்லை."

"இதையெல்லாம் நீங்க சொல்லலையா?"

"சொன்னேன்... குழுவுல சொன்னேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்ப படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

ஆமாம் என்றால் மானம் போகும், இல்லை என்றால் இணைப்பு போகும். இயக்குநர் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து அறுபத்து நாலு இலக்கக் குமாஸ்தா இரண்டு வருஷ லீவையும் சேர்த்து ஒரே மூச்சில் கத்தினார்: "கையெழுத்துன்னா கையெழுத்துதான் சார்!"

அரங்கம் அதிர்ந்தது. தலைவி அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் அரை நாள் வெளியே நின்றதை அவரும் மறந்திருக்கவில்லை. "தன் பிரிவின் குறையைத் தானே ஒப்புக்கொண்டு, தானே சோதனைக்கும் முன்வந்திருக்கிறார் நம் இயக்குநர். இன்றிலிருந்தே அமலுக்கு வருகிறது" என்று மைக்கில் அறிவித்தார். மேலிடத்துக்காரர்கள் வேறு வழியில்லாமல் கைதட்டி, விருதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் இயக்குநர் தோளில் கேபிள் சுருளோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். பின்னால் படக்காரர்கள் இறங்கினார்கள். பத்து வருஷத் தூசியில் சாக்கெட் தெரியவில்லை. புள்ளிக்காரர் ஒரு துணியை நீட்டினார், துடைத்துக் கொடுக்கவில்லை. புதுக் கோட்டோடு முட்டிபோட்டுத் துடைத்துவிட்டு இயக்குநர் மாட்டினார். இல்லாத கருவி ஒரே நிமிஷத்தில் வலையில் சேர்ந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. புள்ளிக்காரர் அதன் நெற்றியில் இருந்த சீட்டைப் பிய்த்து, கசக்கி, இயக்குநர் கண்ணெதிரே குப்பைக்கூடையில் போட்டார்.

பதினோரு தாளும் அச்சாகிப் போயின. வாயாடி தேர்வு எழுதினாள். வெளியே வந்து, "மாமா, கொக்கிக்குள்ள கொக்கி இந்த வருஷமும் வந்துச்சு. உள்ள மூணு இருந்துச்சு" என்றாள்.

மாடியில் இயக்குநரின் மூன்று கணினிகளையும் தலைவி அம்மாளின் ஆட்கள் பூட்டி எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்டோர்காரர் அதற்கென்றே கொடுத்த ஒரு கணினியைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் இயக்குநருக்கு வந்த கடிதங்களை அதில் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு வருவார், எதிரே உட்கார்ந்து வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஊதா முத்திரை இருக்கும், இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும்.

"சார், இது ஒண்ணு மேலிடத்துல இருந்து. 'ஐயா, தங்கள் பணி' அப்படின்னு ஆரம்பிக்குது. அப்புறம் ஒரே வாக்கியம் ஆறு வரிக்குப் போகுது சார், மூச்சு முட்டுது. எழுதவும் முடியலை. நடுவுல ஏதோ வெள்ளிக்கிழமைன்னு வருது. விட்டுடலாமா?"

இயக்குநர் அப்போது அவமானத்தில் வெந்துகொண்டிருந்தார். மேலிடம் என்றதும், விழாவைப் பற்றித் திட்டி எழுதியிருப்பார்கள் என்று நினைத்தார். "விட்டுத் தொலை. அடுத்ததை வாசி" என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஓய்வுபெற்ற அன்று அவருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மாலை போட்ட கையோடுதான், நீட்டிப்பை ஏற்பதாக வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதாததால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விட்டது என்ற விவரத்தைச் சொன்னார்கள். அப்படியே மாலையோடு அடித்தளத்துக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் உன்னாலதான்யா! அவன் வாசிக்கவே இல்லய்யா! எனக்கு வந்த கடுதாசி... என் ரெண்டு வருஷம் போச்சு! நான் கண்ணால பார்த்திருந்தா விட்டிருப்பேனா?"

புள்ளிக்காரர் எழுந்திருக்கவில்லை. அன்று காலைதான் வாயாடியின் முடிவு வந்திருந்தது. கணக்கில் தொண்ணூற்றாறு. கேன்டீனில் அன்றைக்கு எல்லாருக்கும் டீ இலவசம். அந்த டீயைக் குடித்து முடித்து, கோப்பையை ஓரமாக வைத்தார்.

"எத்தனை சார் விட்டுட்டார்?"

"ஒண்ணுய்யா! ஒரே ஒரு கடுதாசி!"

"அந்தப் பொண்ணுக்கு ஏழு, சார்" என்றார் புள்ளிக்காரர்.

இயக்குநர் வாயைத் திறந்தார். புள்ளிக்காரர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். அது தடதடவென்று குத்த ஆரம்பித்தது. அதற்கு மேல் இயக்குநர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.